லாங்கனுக்கு ஆடி முடியும்வரை அவகாசம்

பாங்காக்குக்கு நான் துணி மிஷின் பார்க்கப் போகவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மிஷின் பார்க்கப் போனது எங்கள் வீட்டுக்காரர். திருப்பூருக்குப் பக்கத்தில் நெருப்பெரிச்சலில் வீட்டை ஒட்டியே எங்களுக்கு ஒரு சின்ன நிட்டிங் யூனிட் இருக்கிறது. ஆறு மிஷின் ஓடுகிறது. இன்னும் இரண்டு போட வேண்டும், அதற்குக் கூரை போட்டு ஒரு செட்டு வேண்டும், செட்டுக்கு இடம் வேண்டும் என்று ஒரு வருஷமாக என் காதில் ஓதிக்கொண்டிருந்தார். அவர் கண்ணுக்குத் தெரிந்த ஒரே இடம் என் லாங்கன் மரம் நிற்கிற இடம்.

வீட்டுக்குப் பின்னால் பதினைந்து சென்ட்டில் நான் பழமரம் வைத்திருக்கிறேன். மாவும் கொய்யாவும் இல்லை, அது எல்லார் வீட்டிலும் இருக்கிறது. என்னிடம் இருப்பது ரம்புட்டான், அபியூ, தண்டிலேயே ஒட்டிக்கொண்டு காய்க்கிற ஜபுதிகாபா, தின்றுவிட்டு எலுமிச்சையைக் கடித்தாலும் இனிக்க வைக்கிற மிராக்கிள் பழம். மங்குஸ்தான் மூன்று முறை வைத்து மூன்று முறையும் செத்தது. நாலாவது இப்போது நிழல்வலைக்குள் என்னை முறைத்துக்கொண்டு நிற்கிறது.

லாங்கன் என்பது லிச்சிக்குத் தங்கச்சி. மண் நிறத்தில் மெல்லிய ஓடு, உள்ளே நுங்கு மாதிரி சதை, நடுவில் கறுப்புக் கொட்டை. என் மரம் மாசியில் பூத்துத் தள்ளும். தேனீ மொய்க்கும். பிஞ்சு பட்டாணி அளவுக்கு வரும். சித்திரை பிறப்பதற்குள் ஒன்று பாக்கியில்லாமல் கொட்டிவிடும். நாலு வருஷமாக இதே கதை. நானும் தண்ணீரைத்தான் குற்றம் சொன்னேன். திருப்பூரில் எது கெட்டாலும் தண்ணீரைச் சொன்னால் யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். எங்கள் போர் தண்ணீர் உப்பு, துணி துவைத்தால் நுரை வராது. அதனால் அந்த ஒரு மரத்துக்கு மட்டும் மழைத்தண்ணீர் பிடித்து வைத்து ஊற்றினேன். அப்போதும் கொட்டியது.

"ஆவணி பொறந்தா செட்டு வேலை ஆரம்பம், அம்மிணி. அதுக்கு முன்னால மரத்தை எடுத்தரலாம்" என்றார் வீட்டுக்காரர்.

ஆடியில் எங்கள் பக்கம் எந்த வேலையும் தொடங்க மாட்டோம். ஆக, மரத்துக்குக் கிடைத்தது அந்த ஒரு மாசம். அதே ஆடியில்தான் அவர் பாங்காக் போகிற பயணமும் வந்தது.

"நானும் வர்றேனுங்க. அது அந்தூர் மரம். ஏன் கொட்டுதுன்னு அங்கயே கேட்டுப் போட்டு வந்தர்றேன்."

"கேட்டா?"

"காரணம் தெரிஞ்சா செட்டை வேற பக்கம் போடுங்க. தெரியலீன்னா கோடாலிய நானே எடுத்துக் குடுக்கறேன்."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாய் கொடுத்து மாட்டிக்கொண்டோமே என்றுதான் இருந்தது.

முதல் நாள் முழுக்க மிஷின் கண்காட்சியில் போனது. பெரிய மண்டபம், ஏசி எலும்பைக் குடைந்தது. திருப்பூரை விட்டு இவ்வளவு தூரம் வந்தும் பத்தடிக்கு ஒரு "ஏனுங்க, நீங்களுங்களா?" கேட்டுக்கொண்டேயிருந்தது. பல்லடம்காரர் ஒருவர் என்னிடம் வந்து, "அக்காவும் மிஷின் பாக்க வந்தீங்களா?" என்று கேட்டார். மரத்துக்காக வந்தேன் என்று சொன்னேன். அவர் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, எங்கள் வீட்டுக்காரரைப் பாவமாகப் பார்த்துக்கொண்டு போனார்.

மத்தியானம் வெளியே வந்தால் தள்ளுவண்டி. கண்ணாடிப் பெட்டிக்குள் ஐஸ் மேல் பழங்களை நறுக்கி வைத்திருக்கிறார்கள். கொய்யாவுக்கு மிளகாய் உப்பு பொட்டலம் தருகிறார்கள். நம் பள்ளிக்கூட வாசலில் விற்கிற அதே ருசி, இங்கே குத்தித் தின்ன ஒரு குச்சியும் உண்டு. அந்த வண்டியின் ஓரத்தில் லாங்கன் கொத்துக் கொத்தாகத் தொங்கியது.

ஏழு வருஷம் அந்த மரத்துக்குத் தண்ணீர் ஊற்றியவள் அன்றைக்குத்தான் முதல்முறையாக அதன் பழத்தை வாயில் போட்டேன். ஓடு நகத்தில் பட்டதும் உடைந்தது. தித்திப்பு என்றால் அப்படியொரு தித்திப்பு, பூ வாசனையோடு. நடுரோட்டில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்காரர் ஒரு கொத்தை முடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குது" என்றார். அவர் வாயிலிருந்து அது வருவது பெரிய விஷயம். எங்கள் கல்யாணச் சாப்பாட்டைக்கூட "பரவாயில்லை" என்றவர் அவர்.

இரண்டாம் நாள் லாங்கன் விளைகிற வடக்குப் பக்கம், சியாங் மாய் போய்ச் சேர்ந்தோம். அங்கே டவுன் பஸ் மாதிரி ஓடுவது சிவப்பு நிறச் சின்ன வண்டிகள். பின்னால் இரண்டு பெஞ்சு, கூரை, அவ்வளவுதான். நம் ஊரில் கம்பெனிக்கு ஆள் ஏற்றிப் போகிற வண்டி போலவே குலுக்கியது. டிரைவரிடம் போனில் லாங்கன் பழத்தின் படத்தைக் காட்டினேன். அவர் பளிச்சென்று சிரித்து, ஏறுங்கள் என்று கை காட்டினார். அரை மணி நேரம் ஓட்டிக்கொண்டு போய் ஒரு மளிகைக்கடை வாசலில் இறக்கினார். அங்கே லாங்கன் டப்பாவில் அடைத்து வைத்திருந்தது.

பழம் வேண்டாம், மரம் வேண்டும் என்று மரத்தின் படத்தைக் காட்டினேன். மறுபடியும் ஏற்றிக்கொண்டார். இந்த முறை இறங்கிய இடம் நர்சரி. வரிசையாகச் செடிகள், விற்பனைக்கு. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. வீட்டுக்காரரின் செருப்பு ஒன்று சேற்றில் மாட்டி வாரோடு பிய்ந்தது. அவர் ஒற்றைச் செருப்போடு நின்று என்னை முறைத்தார். வாய்விட்டுத் திட்டியிருந்தால் தேவலை.

நர்சரிக்குள் இரண்டு பெண்கள் எங்களைப் பார்த்துப் பேசிச் சிரித்தார்கள். வீட்டுக்காரர் போனில் மொழிபெயர்க்கிற செயலியைத் திறந்து நீட்டினார். அது செந்தமிழில் சொன்னது: "இந்த அம்மையார் மரத்தை வாங்க வந்திருக்கிறார். எங்ஙனம் விமானத்தில் ஏற்றுவார்?" வீட்டுக்காரருக்கு அதற்குமேல் கோபத்தைப் பிடித்து வைக்க முடியவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் போனை வாங்கி, எனக்கு மரம் வேண்டாம், மரத்துக்கு வைத்தியம் தெரிந்த ஆள்தான் வேண்டும் என்று பேசினேன். இருவரில் மூத்தவள் யோசித்துவிட்டு, லம்பூன் பக்கம் தன் அக்காவுக்குத் தோட்டம் இருக்கிறது, காலையில் வாருங்கள் என்றாள். டிரைவரிடம் வழியும் சொல்லி அனுப்பினாள். இரண்டு முறை தப்பாக இறக்கினாரே என்று அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன், அவரால்தான் வழியே கிடைத்தது.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. நான் பருப்புப் பொடியும் ஊறுகாயும் கட்டிக்கொண்டு போயிருந்தேன், பெட்டியை விட்டு வெளியே எடுக்கவேயில்லை. அந்தப் பக்கத்தில் காலைச் சாப்பாடு அரிசியைப் பிழிந்த நூல். நம் சந்தகையேதான். தேங்காய்ப்பாலுக்குப் பதில் தக்காளியும் கறியும் போட்ட குழம்பை ஊற்றுகிறார்கள். "நம்மூர்ல இருந்து யாரோ வந்து சொல்லிக் குடுத்திருக்காங்க" என்று வீட்டுக்காரர் மூன்று கிண்ணம் உள்ளே தள்ளினார். தயிர் மட்டும் கேட்டுக் கேட்டுப் பார்த்தார், கிடைக்கவில்லை. கடைசியில் ஸ்ட்ராபெரி தயிர் ஒரு டப்பா வாங்கிச் சோற்றில் பிசைந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலை தோட்டத்துக்குப் போனோம். தோட்டக்காரி பெயர் பிம். என் வயதுதான் இருக்கும், ஐம்பத்தைந்துக்குள். ஓலைத்தொப்பி, ரப்பர் பூட்ஸ், கையில் கத்தரி. அறுவடை நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு மரத்துக்கும் கிளைக்குக் கிளை மூங்கில் முட்டுக் கொடுத்திருந்தார்கள். பழத்தின் கனம் கிளையை ஒடித்துவிடுமாம். முட்டுக் கொடுக்கிற அளவுக்கு ஒரு லாங்கன் காய்க்கும் என்று எனக்குத் தெரியாது. வயிறு எரிந்தது என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

கொட்டகைக்குள் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பழத்தைப் பார்த்துப் பார்த்துக் கூடையில் போட்டார்கள். சின்னது ஒரு பக்கம், உடைந்தது ஒரு பக்கம். நம் கம்பெனியில் பீஸ் செக்கிங் பண்ணுகிற மேஜை எப்படி இருக்குமோ அப்படி, அதே பேச்சு, அதே சிரிப்பு, அதே ரேடியோ. ஒருத்தி என் சேலையைத் தொட்டுப் பார்த்து ஏதோ சொன்னாள். "இதை உடுத்திக்கொண்டு மரம் ஏறுவாயா என்று கேட்கிறாள்" என்றது போன். ஏறியிருக்கிறேன் என்று சொன்னதும் கொட்டகையே சிரித்தது.

பிம்மிடம் என் மரத்தின் படங்களைக் காட்டினேன். பூவோடு, பிஞ்சோடு, பிஞ்சு கொட்டிக் கிடக்கிற தரையோடு, நாற்பது படம் இருக்கும். தண்ணீர் உப்பு, வெயில் கொடுமை, மண் சுண்ணாம்பு என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாளே தவிர, தலையாட்டவில்லை. ஒரே ஒரு படத்தைப் பெரிதாக்கி அடிமரத்தில் விரலை வைத்தாள்.

போன் பேசியது: "உமது மரம் தூணைப் போல் நிலத்தில் இறங்குகிறது. மரங்கள் அவ்வாறு இறங்கா. அவை விரிந்து இறங்கும். மரத்தின் பாதத்தைக் காட்டுக."

பாதம் என்னிடம் இல்லை. நாற்பது படத்தில் ஒன்றில்கூட இல்லை. பூவையும் பிஞ்சையும் எடுத்தவள் அடியை எதற்கு எடுக்கப் போகிறேன்? அதுவும் அடியில் மண்ணை அணைத்து, அதன் மேல் இலைச் சருகு போட்டு, வருஷா வருஷம் மேடு கட்டி வைத்திருந்தேன். நல்லது என்று நினைத்துச் செய்ததுதான்.

வீட்டுக்குப் போன் போட்டேன். எடுத்தது செல்வி. எங்கள் யூனிட்டில் துணி பார்க்கிற வேலை, சங்கரன்கோவில் பக்கத்துப் பிள்ளை. வீடியோவில் வரச் சொல்லி, களைக்கொத்து எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போகச் சொன்னேன்.

"எக்கா, எவ்வளவு ஆழம் தோண்டணும்?"

"வேர் தெரியற வரைக்கும். மெதுவா கண்ணு, பட்டைல பட்டுரப் போகுது."

அவள் போனை ஒரு செங்கல் மேல் சாய்த்து வைத்துவிட்டுத் தோண்டினாள். லம்பூனில் நாங்கள் மூன்று பேரும் ஒரு சின்னத் திரையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். மழை கொட்டகைக் கூரையில் சடசடத்தது. முக்கால் அடி ஆழம் போயிருக்கும்.

"எக்கா, என்னமோ பச்சையா கெடக்கு. துணில்லா இது? மரத்தைச் சுத்திக் கட்டிருக்கு. அதுக்கு மேல மரம் வீங்கிப்போய், துணியை முழுங்கின மாதிரி இருக்கு பாருங்க."

கிளிப்பச்சை. எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

திருப்பூரில் எதையும் கயிறு போட்டுக் கட்ட மாட்டோம். பனியன் வேஸ்ட்டைக் கிழித்துத்தான் கட்டுவோம். அவரைப் பந்தலும் அதில்தான், கோழிக்கூண்டும் அதில்தான், ஸ்கூட்டரில் வைக்கிற சிப்பமும் அதில்தான். செடியை ஊன்றுகோலோடு கட்டுவதற்கு அதைப்போல மெத்தென்று ஒன்று கிடையாது. பருத்தித் துணி என்பதால் ஒரு மழைக்காலத்தில் மண்ணோடு மக்கிப் போய்விடும், அவிழ்க்கவே வேண்டாம். என் ஆயுசில் ஒரு செடியில் போட்ட கட்டையும் நான் அவிழ்த்ததில்லை. ஆனால் லாங்கன் நட்ட வருஷம் எங்கள் யூனிட்டில் பருத்தி இல்லை. பாலியஸ்டரில் இழுபடுகிற லைக்ரா நூல் சேர்த்து விளையாட்டு உடுப்புத் துணி ஓட்டினோம். அதற்கு மாறுங்கள் என்று அவரைப் பிடுங்கியெடுத்தவளே நான்தான். முதல் லாட்டை, இழுத்து விட்டால் பழையபடி திரும்பவில்லை என்று துணி வாங்குகிற பையர் திருப்பி அனுப்பிவிட்டார். கிளிப்பச்சையில் அத்தனை துணி வீட்டில் குவிந்து கிடந்தது. அதில்தான் கிழித்துக் கட்டினேன். பாலியஸ்டர் மக்காது என்பது திருப்பூரில் எல்லாருக்கும் தெரியும். மரத்தைக் கட்டும்போது மட்டும் எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

பிம் என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் ஒரு மரத்தின் கிளையைக் காட்டினாள். வளையம் போட்ட மாதிரி பட்டையை மெல்லிசாகச் சீவியிருந்தது. "பூப்பதற்காக நாங்களும் இவ்வாறு செய்வோம். ஒரு கிளைக்கு, ஒரு பருவத்துக்கு. பிறகு பட்டை ஆறிவிடும்" என்றது போன். "நீர் முழு மரத்தையும் நெரித்துவிட்டீர். இலை சமைக்கும் உணவு வேருக்குப் போகவில்லை. அது பயந்து பூக்கிறது. காய்க்க அதற்கு வலு இல்லை."

பிழைக்குமா என்று கேட்டேன். துணியைத் துண்டு துண்டாக வெட்டி எடு, பட்டைக்குள் போனதைப் பிடுங்காதே, மேட்டை எடுத்துவிடு, அடுத்த மாசியில் பூக்கிற பூவையெல்லாம் கிள்ளிப் போடு என்றாள். கடைசியில் போனைத் தள்ளிவிட்டு இரண்டு கையையும் விரித்தாள். அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

கொட்டகையில் அவர்கள் கொடுத்த சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. மூங்கில் கூடையில் வைத்த, பிசினாக ஒட்டுகிற சோறு, கையாலேயே உருட்டித் தின்ன வேண்டும். வேறு நாளாக இருந்தால் நாலு கூடை தின்றிருப்பேன். வீட்டுக்காரர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"காரணந்தான் தெரிஞ்சிருச்சே. செட்டை மேக்கால போட்டுக்கறேன். இன்னும் எதுக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டிருக்கறே?"

"சுமதிங்க" என்றேன். அவர் கையிலிருந்த சோற்று உருண்டையைக் கூடையிலேயே வைத்துவிட்டார்.

சுமதி என் சித்தி மகள், பொங்கலூரில் கட்டிக்கொடுத்திருக்கிறது. லாங்கன் நான் வாங்கியது இரண்டு கன்று. ஒன்றை அவள் வீட்டு முன்னால் நானே போய் நட்டு, இரும்புக் குழாயோடு அதே கிளிப்பச்சைத் துணியால் நானே கட்டினேன். அது மூன்றாம் வருஷம் பட்டுப்போனது. அந்தச் சமயத்தில் எங்கள் சொந்தத்தில் ஒரு காதுகுத்துச் சீர். பந்தியில் நாற்பது பேர் இருக்கும்போது, "உனக்குச் செடி வெக்கற கையே இல்ல. உங்கிட்டக் குடுத்தது என் தப்பு" என்று சொன்னேன். அவள் பாயசத்தைக் குடித்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு என்னிடம் ஒரு செடியும் கேட்டதில்லை. நானும் அதை ரோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

நாலாம் நாள் திரும்பினோம். பிம் ஒரு கூடை பழம் கட்டிக்கொடுத்தாள். விமானத்தில் கொண்டுவர விடுவார்களோ மாட்டார்களோ என்று சிவப்பு வண்டி டிரைவரிடமே கொடுத்துவிட்டேன். அவர் இரண்டு கையையும் கூப்பினார். எனக்கென்று ஒரே ஒரு கொட்டைகூட எடுத்து வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பிளேடோடு மரத்தடியில் உட்கார்ந்தேன். ஒன்பது துண்டாக வந்தது. வெளியே தெரிந்ததை எடுத்தேன், உள்ளே போனதை விட்டுவிட்டேன். மரத்தின் அடித்தண்டில் என் கட்டைவிரல் புதைகிற பள்ளம். வீட்டுக்காரர் ஒரு துண்டை எடுத்து மண்ணை உதறி, இரண்டு கையாலும் இழுத்து விட்டார். சுருக்கென்று பழையபடி வந்து நின்றது.

"ஏழு வருசம் மண்ணுக்குள்ள கெடந்தும் திரும்புது பாத்தியா? இதைப் போயி திரும்பலீன்னு ரிஜெக்ட் பண்ணிட்டானே அந்தப் பாவி!"

இரண்டு துண்டை அவர் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு யூனிட்டுக்குப் போனார். யாரிடம் காட்டப் போனாரோ.

மறுநாள் காலை ஸ்கூட்டரில் ஓர் அபியூ கன்றை வைத்துக்கொண்டு பொங்கலூர் போனேன். ஊன்றுகுச்சியோடு வாழைநார் போட்டுக் கட்டியிருந்தேன். சுமதியின் வீட்டு வாசலைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. நான் போய் அத்தனை வருஷம் ஆகியிருந்தது. முன்பு மண்ணாக இருந்த இடம் முழுக்க சிமெண்ட் பூசியிருந்தாள். ஒரு துளசிகூட இல்லை. ஓரத்தில் அந்த இரும்புக் குழாய் மட்டும் நின்றது, துணி காயப்போடுகிற கொடிக் கம்பி அதில்தான் கட்டியிருந்தது. குழாயோடு சேர்ந்து அந்தக் காய்ந்த குச்சியும் நின்றது. கிளிப்பச்சைக் கட்டு இன்னும் விடாமல் பிடித்திருந்தது, அதனால் குச்சி விழவில்லை.

"வாங்கக்கா" என்றாள் சுமதி. கன்றைப் பார்த்தாள், முகம் மாறியது. "எனக்கெதுக்குங்க அக்கா இதெல்லாம்? நமக்குத்தான் கையில்லீங்களே."

நான் கைப்பையிலிருந்து பிளேடை எடுத்து அந்தத் துணிக்கட்டை அறுத்தேன். துணி தெறித்துச் சுருண்டது. அது இருந்த இடத்தில் குச்சி பென்சில் கனத்துக்கு இளைத்திருந்தது. மேலேயும் கீழேயும் என் சுண்டுவிரல் கனம். குச்சியை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். லம்பூனில் பார்த்ததையும், பிம் சொன்னதையும், என் மரத்தில் செல்வி தோண்டி எடுத்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். சீரில் நாற்பது பேர் முன்னால் சொன்னதையும் நானே எடுத்துச் சொன்னேன். அவளாக எடுக்கட்டும் என்று விட எனக்கு மனசில்லை.

சுமதி அந்த இளைத்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டேயிருந்தாள்.

"அப்ப என் கைல தப்பில்லீங்களா அக்கா?"

"இல்ல கண்ணு. என் கைலதான்."

அவள் குச்சியை வாசற்படியில் வைத்துவிட்டு உள்ளே போனாள். காப்பி வைக்கப் போகிறாள் என்று நினைத்தேன். கடப்பாரையோடு திரும்பி வந்து, கொடிக் கம்பிக்குப் பக்கத்தில் சிமெண்ட் மேல் ஒரு போடு போட்டாள்.